காணாக்கடி

காரணம் தெரியாமல் திடீரென்று மேனியெங்கும் சிவந்து தடித்து அரிப்பெடுக்கும் நோய்க்கு நம் முன்னோர் காணாக்கடி என்று பெயரிட்டார்கள். ஏதோ ஒன்று கடித்திருக்க வேண்டும். ஆனால் கடித்ததைக் கண்டவர் இல்லை. ஆதலின் அது காணாக்கடி. வீட்டுப் பாட்டிமார் வெற்றிலையில் மிளகை மடித்து மெல்லக் கொடுத்து, மீனையும் கத்தரிக்காயையும் சில நாளைக்கு விலக்கிப் பத்தியம் வைத்துவிடுவார்கள். பெரும்பாலும் மாலைக்குள் தடிப்பு அடங்கிவிடும். கடித்தது எது என்ற வினாவும் அத்துடன் அடங்கிவிடும்.

அவ்வினாவை அடங்கவிடாமல் கேட்டுக்கொண்டே இருந்தவர் சிலர் உலகில் உண்டு. அவர்களுட் பலர் தாமே இந்நோயால் வருந்தியவர். சோதனைக்குத் தம் உடம்பையே கீறியும் குத்தியும் பார்த்தவர். அவர்களால் நமக்குத் தெரியவந்த செய்தி ஒன்று உண்டு. மேனியில் திடீரெனத் தோன்றும் தடிப்பும், அதே வேளையில் மார்பில் எழும் இரைப்பும் இரு வேறு நோய்கள் அல்ல; ஒரே செயலின் இரு தோற்றங்கள். இதை உறுதியாக அறிய ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆயின. ஈளை நோய் உடையவர்களும், அவர்களைப் பெற்றவர்களும் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நலம் என்று கருதியே இன்று இதைப் பேச எடுத்துக்கொண்டோம்.

பழைய நூல்களில் இவ்விரண்டும் தனித்தனி அதிகாரங்களில் இருந்தன. சரக சம்ஹிதை இரைப்பு நோயைத் தமக சுவாசம் என்று குறிக்கிறது. மாதவ நிதானம் மேனித் தடிப்பைச் சீதபித்தம் என்றும் உதர்தம் என்றும் பிரித்துப் பேசுகிறது. ஆயினும் ஒரு செய்தி நம் கருத்தைக் கவர்கிறது. தமக சுவாசத்தை மிகுவிப்பவை மேகமும் குளிரும் கீழ்க்காற்றும் என்று அந்நூல் கூறுகிறது. சீதபித்தத்துக்குக் காரணம் குளிர்காற்று மேனியில் படுதல் என்று இந்நூல் கூறுகிறது. தோலையும் மூச்சையும் காற்று என்ற ஒன்று தொடுகிறது என்பது வரையில் நம் நாட்டார் கண்டிருந்தனர். காற்றில் வருவது எது என்று பார்க்கும் கருவி அந்நாளில் இல்லை.

ஐரோப்பியர் நம்மிடம் கற்றதும் ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னையில் கும்பினியாரின் தலைமை வைத்தியராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், இரைப்பு கண்டவர்களுக்கு ஊமத்தையின் புகையைப் பிடிக்கும்படி சொல்லிவந்தார். இவ்வழக்கத்தை அவர் இந்நாட்டு மக்களிடமிருந்து தெரிந்துகொண்டார். 1802இல் ஜென்ட் என்னும் படைத்தலைவர் அதைச் சென்னையிலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுசென்றார். அதன் பின் நூறாண்டுக்கு மேலாக ஐரோப்பிய மருந்துக் கடைகளில் ஊமத்தைச் சுருட்டு விற்பனையாயிற்று. ஊமத்தை கொடிய நஞ்சு. அதை யாரும் இன்று வீட்டில் முயலலாகாது. ஆனால் அதிலுள்ள அட்ரோபின் என்னும் சத்து மூச்சுக்குழல்களைத் தளர்த்துவது உண்மையே. அதன் வழியில் வந்த மருந்தொன்றை இன்றும் வைத்தியர்கள் இரைப்புக்குக் காற்றோடு கலந்து உள்ளிழுக்கத் தருகிறார்கள்.

மருந்து கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை. 1819இல் லண்டன் வைத்தியச் சங்கமொன்றில் ஜான் பாஸ்டாக் என்பவர் விந்தையான ஒரு நோயாளியின் கதையைப் படித்தார். ஆண்டுதோறும் கோடைத் தொடக்கத்தில் அம்மனிதருக்குக் கண் சிவந்து அரிக்கும். அடுக்கடுக்காகத் தும்மல் வரும். பின்னர் நெஞ்சு இறுகி மூச்சு முட்டும். அந்நோயாளி வேறு யாருமல்லர், பாஸ்டாக்கேதான். அடுத்த ஒன்பது ஆண்டுகள் தேடி, தம்மைப்போன்ற 28 பேரைப் பற்றி எழுதினார். காய்ந்த புல்லின் வாடையே இதற்குக் காரணம் என்று நாட்டுப்புறத்தார் சொல்லிவந்தனர். பாஸ்டாக் அதை ஏற்கவில்லை. கோடை வெப்பமே காரணம் என்று சாதித்தார். கற்ற வைத்தியர் பிழைபட, கல்லாத உழவர் சொல் உண்மையை ஒட்டி நின்றது.

அவ்வுண்மையை மெய்ப்பித்தவர் மான்செஸ்டர் நகரத்துச் சார்ல்ஸ் பிளாக்லி. இவரும் அதே கோடைத் தும்மலால் பல ஆண்டுகள் துன்புற்றவர். புல்லின் மகரந்தத் தூளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, குளிர்காலத்தில், நோய் வர வழியே இல்லாத நாளில், அத்தூளை மூக்கிலிட்டார், தும்மல் வந்தது. உள்ளே இழுத்தார், இரைப்பு வந்தது. தோலை இலேசாகச் சுரண்டி அதன்மேல் ஈரத் தூளை வைத்துக் கட்டினார். அவ்விடம் அரித்துத் தடித்து வீங்கிற்று. நேயர்கள் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். ஒரே மனிதர், ஒரே தூள், பட்ட இடம் மட்டுமே வேறு. தோலும் மார்பும் ஒரே பகைவனை அறிந்திருந்தன என்பதை மனிதன் முதன்முதலாகத் தன் உடம்பில் எழுதிப் பார்த்த நாள் அது. பின்னர் அவர் பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைக் காற்றாடிகளில் கட்டி ஆயிரம் அடிக்கு மேல் பறக்கவிட்டு, அவ்வுயரத்திலும் மகரந்தம் மிதப்பதைக் காட்டினார். அவர் நூல் வெளிவந்தது 1873இல்.

அதே 1873இல் நம் நாட்டிலும் ஒருவர் காற்றைப் பிடித்துக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்கத்தாவில் பணியாற்றிய டி. டி. கன்னிங்ஹாம், சிறைச்சாலைப் பகுதிகளின் காற்றிலுள்ள பூஞ்சை வித்துகளையும் மகரந்தங்களையும் எடுத்து, சித்திரங்களுடன் ஒரு நூலாக வெளியிட்டார். அவர் தேடியது காய்ச்சலுக்கும் காலராவுக்கும் காரணம். அது காற்றில் அகப்படவில்லை. இரைப்புக்கான காரணம் அவர் கண்ணாடியிலேயே ஒட்டியிருந்தது! அவர் அதைத் தேடவில்லை, அவ்வளவே.

இனி, கண்டுபிடிப்பு கடலுக்குப் போகிறது. 1901இல் மொனாக்கோ நாட்டரசரின் கப்பலில், சார்ல்ஸ் ரிஷே, பால் போர்த்தியே என்னும் இரு பிரெஞ்சு அறிஞர் அட்லாண்டிக் கடலின் சொறிமுட்டை போன்ற ஓர் உயிரின் நஞ்சை ஆராய்ந்தனர். ஊர் திரும்பியபின் கடலனிமோன் என்னும் உயிரின் நஞ்சைக் கொண்டு ஆய்வைத் தொடர்ந்தனர். சிறுகச் சிறுகக் கொடுத்தால் நாய்களுக்கு அந்நஞ்சு பழகிப்போகும் என்பது அவர்கள் எண்ணம். நெப்டியூன் என்ற நாய் முதல் ஊசியைத் தாங்கிக்கொண்டு நன்றாகவே இருந்தது. மூன்று வாரம் கழித்து இரண்டாம் முறை போட்டபோது, சில விநாடிகளில் மூச்சிரைத்து, தள்ளாடி விழுந்து, அரைமணிக்குள் இறந்தது. பழக்கம் காப்பாற்றும் என்று எண்ணிய இடத்தில் பழக்கமே கொன்றது. காப்புக்கு எதிரானது என்ற பொருளில் ரிஷே இதற்கு அனபிலாக்சிஸ் என்று பெயரிட்டார். 1913இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

வியன்னாவில் குழந்தை வைத்தியராயிருந்த கிளெமென்ஸ் வான் பிர்க்கே, தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரைச் சீரம் ஏற்றப்பட்ட குழந்தைகளைக் கவனித்துவந்தார். சில நாட்கள் கழித்து அவர்களிற் சிலருக்கு மேனி தடித்தது, காய்ச்சல் வந்தது, மூட்டு வலித்தது. மறுமுறை ஏற்றினால் இவையெல்லாம் விரைந்தே வந்தன. நோயைத் தடுக்கும் ஆற்றலும் நோயாய்த் தாக்கும் ஆற்றலும் உடம்பின் ஒரே மாறுதலிலிருந்து பிறக்கின்றன என்று அவர் உணர்ந்தார். 1906இல் கிரேக்கச் சொற்களைக் கூட்டி அலர்ஜி என்ற பெயரைப் படைத்தார். மாறிய செயல் என்பது அதன் பொருள். தமிழில் நாம் ஒவ்வாமை என்கிறோம். இது மூலச் சொல்லினும் தெளிவானது என்பது நம் கருத்து.

அம்மாறுதல் உடம்பில் எங்கே இருக்கிறது? 1919இல் நியூயார்க்கிலிருந்து ராமிரெஸ் என்னும் வைத்தியர் எழுதிய செய்தி இதற்கு வழிகாட்டிற்று. சோகை நோயாளி ஒருவருக்குப் பிறர் இரத்தம் ஏற்றப்பட்டது. இரண்டு வாரம் கழித்து அவர் குதிரை வண்டியில் பூங்காவில் உலாவப் புறப்பட்டார். சில நிமிடங்களில் கடும் இரைப்பு. வாழ்நாளில் அதற்குமுன் அவருக்கு இரைப்பு வந்ததே இல்லை. இரத்தம் கொடுத்தவரை விசாரித்தால், அவர் குதிரை அருகில் வந்தாலே இரைப்பு வரும் மனிதர்! ஆகவே ஒவ்வாமை இரத்தத்தோடு பயணம் செய்யும் பொருள்.

இரண்டாண்டுகள் கழித்து, 1921இல், பிரெஸ்லௌ நகரத்து வைத்தியர் இருவர் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தனர். அந்நகரம் இன்று போலந்து நாட்டில் விரோட்ஸ்வாஃப் என்று வழங்குகிறது. ஹைன்ஸ் குஸ்ட்னர் என்பவருக்கு மீன் ஆகாது. சிறிது தின்றாலும் அரிப்பும் தடிப்பும் தோன்றும்; தொடர்ந்து இருமல், தும்மல், மூச்சுத் திணறல், வாந்தி வரும். காணாக்கடியும் இரைப்பும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் கூடிவந்த மனிதர் அவர். கார்ல் பிரவுஸ்னிட்ஸ் என்பவருக்கு மீனால் ஒரு துன்பமும் இல்லை. புல்லின் மகரந்தமே அவருக்குப் பகை. குஸ்ட்னரின் இரத்தத்திலிருந்து எடுத்த தெளிநீரில் ஒரு துளியைப் பிரவுஸ்னிட்ஸ் தம் வயிற்றுத் தோலில் குத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீனின் வடிசாற்றைக் குத்தினார். அவ்விடம் மட்டும் சிவந்து தடித்து எழும்பிற்று. தோலின் மற்றை இடங்கள் வாளாவிருந்தன. நண்பரின் நோய், ஒரு நாணய அளவில், தம் தோலில் குடியேறியதை அவர் கண்ணாரக் கண்டார். பிரவுஸ்னிட்ஸின் மகரந்தப் பகையைக் குஸ்ட்னருக்கு மாற்ற முயன்றது மட்டும் பலிக்கவில்லை. அதையும் ஒளிக்காமல் எழுதினார்கள். 1933இல் நாஜி ஆட்சி வந்தபின் பிரவுஸ்னிட்ஸ் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்து சென்று, ஒயிட் தீவில் சாதாரண ஊர் வைத்தியராய்க் காலங்கழித்தார். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு அவர்மேல் சற்றுக் கூடுதலான பரிவு தோன்றுவது இயல்பே.

இரத்தத்தில் திரியும் அப்பொருள் இன்னதென்று தெரிய மேலும் 45 ஆண்டுகள் ஆயின. 1966இல் அமெரிக்காவின் டென்வர் நகரில், இஷிசாக்கா என்னும் ஜப்பானியத் தம்பதியர் கிமிஷிகேயும் தெருகோவும், அதைப் பிரித்தெடுத்துக் காட்டினர். இரத்தத்தில் அது இருக்கும் அளவு மிகச் சொற்பம். கருவிகளுக்கு எட்டாத அளவு. ஆதலின் அவர்கள் தங்கள் முதுகையே கருவியாக்கி, ஒவ்வொரு பகுதியையும் அங்கே குத்தித் தடிப்பு எழுகிறதா என்று பார்த்தனர். சுவீடனில் யோஹான்சனும் பென்னிக்கும் வேறு வழியில் அதே பொருளை 1967இல் அறிவித்தனர். 1968இல் அதற்கு இம்யூனோகுளோபுலின் ஈ என்று பெயர் நிலைத்தது.

இனி இப்பொருள் செய்வது என்ன என்பதைச் சொல்லவேண்டும். தோலிலும், மூச்சுக்குழல் சுவரிலும், குடலிலும் மாஸ்ட் செல் என்னும் உயிரணுக்கள் உண்டு. பால் ஏர்லிக் தமது 24ஆம் வயதில், 1878இல், இவற்றைக் கண்டு, நன்றாகத் தின்று கொழுத்தவை என்று எண்ணி அப்பெயரிட்டார். உள்ளே மணிமணியாக நிறைந்திருந்தது தீனியன்று. ஹிஸ்டமின் முதலிய வெடிமருந்து. ஹிஸ்டமினின் ஆற்றலை 1910இல் ஹென்றி டேலும் லெயிட்லாவும் ஆராய்ந்து கூறினர். அது மாஸ்ட் செல்லில் உறைவதை 1953 அளவில் ரைலியும் வெஸ்ட்டும் காட்டினர். மேற்சொன்ன எதிர்ப்பொருள் அச்செல்லின் மேல் கொக்கிபோல் மாட்டிக்கொண்டு காத்திருக்கிறது. மீனோ மகரந்தமோ வந்து கொக்கியில் சிக்கினால், செல் தன் மணிகளைக் கொட்டிவிடுகிறது. தோலில் கொட்டினால் சிறு இரத்தக் குழாய்கள் கசிந்து தடிப்பாகிறது. மார்பில் கொட்டினால் மூச்சுக்குழல் சுருங்கி இரைப்பாகிறது. உடம்பு முழுவதும் ஒருசேரக் கொட்டினால் இரத்த அழுத்தம் விழுந்துவிடுகிறது; ரிஷேயின் நாய்க்கு நேர்ந்தது போன்ற நிலை அது.

இவ்விடத்தில் மருந்தைப் பற்றிய பேச்சு உயிரைப் பற்றிய பேச்சாகிறது. 1937இல் பாரிஸில் டேனியல் போவே, ஆன் மாரி ஸ்டோப் இருவரும் ஹிஸ்டமினைத் தடுக்கும் முதற் பொருளைக் கண்டனர். அவ்வழி வந்த மாத்திரைகள் காணாக்கடியை அருமையாக அடக்கின. ஆனால் இரைப்பு அவற்றுக்கு அடங்கவில்லை. ஏன் என்பது 1979இல் விளங்கிற்று. மூச்சுக்குழலை இறுக்குவதில் ஹிஸ்டமினைவிட வலிமை மிக்கது லியூக்கோட்ரையீன் என்னும் வேறொரு கூட்டம் என்று ஸ்டாக்ஹோமில் சாமுவேல்சன் கண்டார். ஆகவே அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை தோலை அமைதிப்படுத்தும்; அதே நேரத்தில் மார்பில் நடப்பதைத் தடுக்க அதற்கு ஆற்றல் இல்லை. போதாக்குறைக்கு, பழைய வகை மாத்திரைகள் உறக்கத்தையும் தரும்.

வடநாட்டு நகரொன்றில் ஒரு கலியாண வீட்டில் இதன் விளைவை நாம் அருகிருந்து கண்டோம். ஈளையுடைய ஒரு பத்து வயதுச் சிறுவன் முந்திரிப் பருப்பு மிட்டாய் தின்றான். கால்மணிக்குள் உடம்பெல்லாம் தடிப்பு. மாத்திரை கொடுத்தார்கள். தடிப்பு சற்றே மங்கிற்று, பையன் கண்ணயர்ந்தான். நல்லவேளை, தூங்கட்டும் என்றார்கள் எல்லோரும். ஓய்வுபெற்ற தாதி ஒருத்தி மட்டும் அவன் சட்டையைத் தூக்கி, விலா எலும்புகளுக்கிடையில் தோல் உள்வாங்குவதைப் பார்த்துவிட்டு, "இது தூக்கமில்லையடி, மூச்சு அடைக்கிறது, வண்டியைக் கூப்பிடு" என்று தாயை அதட்டினாள். மருத்துவமனையில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட சில நிமிடங்களில் அவன் நன்றாக மூச்சுவிட்டான்.

அட்ரினலினைத் தாக்கமினே என்ற ஜப்பானியர் படிக வடிவில் பிரித்தெடுத்தது 1901இல். 1903இலேயே நியூயார்க் வைத்தியர்கள் அதை இரைப்புக்கு ஊசியாகப் போட்டுப் பலன் கண்டனர். கசியும் இரத்தக் குழாயை அது இறுக்குகிறது. இறுகிய மூச்சுக்குழலை விரிக்கிறது. தோல், மூச்சு, இரத்த ஓட்டம் மூன்றையும் ஒருங்கே மீட்கும் மருந்து இது. விலையும் சொற்பம். ஈளையுடையவருக்குத் தடிப்போடு இரைப்போ, குரல் கம்மலோ, நாக்கு உதடு வீக்கமோ, மயக்கமோ, அடங்காத வாந்தியோ சேர்ந்தால், முதலில் வேண்டுவது இவ்வூசியே; மாத்திரையும் உறிஞ்சு மருந்தும் அதற்குப் பின். 112 என்ற எண்ணை அழைக்கலாம். மூச்சுத் திணறுபவரை உட்காரவைக்கலாம். மயங்குபவரைக் கிடத்திக் காலை உயர்த்தலாம். யாரையும் எழுப்பி நடக்கவிடலாகாது. அடங்கியபின் சில மணி நேரத்தில் நோய் மீண்டும் எழுவதுண்டாதலால் மருத்துவமனையில் தங்கிப் பார்ப்பது வழக்கம்.

எல்லா ஒவ்வாமையும் கொக்கி வழியே வருவதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறோம். 1922இல் பாரிஸில் விடால் என்பவர், இரைப்பும் மூக்கில் சதை வளர்ச்சியும் உடைய சிலருக்கு ஆஸ்பிரின் ஆகாது என்று எழுதினார். அத்தகையோருக்கு அதை ஒத்த வேறு வலிமாத்திரைகளும் இரைப்பைக் கொண்டுவரும். சிலருக்குத் தடிப்பையும் கொண்டுவரும். தலைவலிக்கென்று கடையில் தாமே வாங்கி விழுங்குமுன் இவர்கள் வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நேயர்களில் பலருக்கு ஓர் ஐயம் இருக்கும். தஞ்சையிலும் நெல்லையிலும் இருந்தவரை ஒன்றுமில்லையே, தில்லிக்கு வந்து மூன்றாம் வசந்தத்தில் அல்லவா தும்மலும் இரைப்பும் தொடங்கின என்பர். நெப்டியூன் முதல் ஊசியைத் தாங்கிற்று என்பதை நினைவுகூர்க. புது ஊரின் மகரந்தத்தை உடம்பு முதலில் அறிமுகம் செய்துகொள்கிறது; பகை பின்னரே மூளுகிறது. தில்லிக் காற்றின் மகரந்தங்களைக் கணக்கெடுத்த முன்னோடி, வல்லபாய் படேல் மார்பு நோய்க் கழகத்தில் பணியாற்றிய டாக்டர் சிவ்புரி. அங்கே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையும், மீண்டும் செப்டம்பர், அக்டோபரிலும் மகரந்தம் மிகும். விலாயதி கீக்கர் என்று அவர்கள் அஞ்சும் மரம் வேறெதுவுமன்று. இராமநாதபுரத்தில் நாம் விறகுக்கு வெட்டும் சீமைக்கருவேலம். மும்பையிலும் கல்கத்தாவிலும் பகை காற்றிலன்று, படுக்கையில். ஈரப்பதத்தில் பெருகும் தூசிப் பூச்சியே வீட்டுத் தூசியின் நஞ்சென்று 1964 முதல் ஹாலந்தின் லைடன் நகரத்தார் காட்டினர். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது அது. கடிப்பதும் இல்லை.

வாரக்கணக்கில் நாள்தோறும் தோன்றி மறையும் காணாக்கடியின் கதை வேறு. அங்கே பெரும்பாலும் உணவோ தூளோ குற்றவாளியன்று. அத்தகையோரிற் சிலருக்கு, மாஸ்ட் செல்லின் கொக்கி மாட்டும் இடத்தையே தாக்கும் எதிர்ப்பொருளை அவர்கள் உடம்பே உண்டாக்குகிறது என்று 1993இல் லண்டன் வைத்தியர்கள் கண்டனர். கடித்தது வெளியிலிருந்து வரவேயில்லை. இதில் மீனையும் கத்தரிக்காயையும் ஆண்டுக்கணக்கில் துறந்தவர்கள் வீணே துறந்தார்கள். இஷிசாக்கா தம்பதியர் கண்ட பொருளைப் பிடித்து அடக்கும் ஒமாலிசுமாப் என்ற ஊசிமருந்து 2003இல் ஒவ்வாமை இரைப்புக்கென்று அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2014இல் அதே ஊசி நாட்பட்ட காணாக்கடிக்கும் ஒப்புதல் பெற்றது. விலை இன்னும் எளியோர் கைக்கு எட்டவில்லை.

மொழி தெரியாத ஊரில் நள்ளிரவில் வைத்தியரிடம் ஓடுகிறவர்களுக்காகச் சில சொற்களைக் கூறி முடிக்கிறோம். இரைப்பு நோயை இந்தியிலும் மராத்தியிலும் தமா என்பர். முதலெழுத்தைத் தயிர் என்பதிற்போல் வலிக்காமல், தர்மம் என்பதிற்போல் மெலிவாக ஒலிக்க வேண்டும். வங்காளத்தில் அது ஹாம்பானி, தெலுங்கில் உப்பசம். காணாக்கடியை இந்தியில் பித்தி என்றும், வங்காளத்தில் ஆம்பாத் என்றும், தெலுங்கில் தத்துர்லு என்றும் வழங்குவர். மராத்தியர் உடம்பில் பித்தம் எழும்பிற்று என்று சொல்வார்கள். இரண்டு சொற்களையும் சேர்த்தே சொல்லுங்கள். தின்றது எது, விழுங்கிய மாத்திரை எது, எத்தனை நிமிடமாயிற்று என்பதையும் உடன் சொல்லுங்கள்.